பாட்டி நெல்லா பேத்தி நெல்லா: ஒரு ஏக்கர்ல போட்டு பாக்குறது எப்படி

எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல மாசத்துக்கு ஒரு தடவையாவது பாரம்பரிய விவசாயம் உலகத்துக்கு சோறு போடுமா, உரம் மருந்து போடுற ஃபேக்டரி விவசாயம்தான் போடுமான்னு சண்டை வந்துரும். ஒருத்தரு இயற்கை விவசாயம் சொல்லிக்குடுத்த நம்மாழ்வார் ஐயா பேசின வீடியோவ போடுவாரு, உடனே துபாய்ல இருக்குற மச்சான் "யூரியா இல்லன்னா உலகத்துல பாதி பேருக்கு சோறு கிடையாது"ன்னு போடுவான், அப்படியே ராத்திரி பதினோரு மணி வரைக்கும் இழுக்கும், கடைசில யாராச்சும் ரோஜாப்பூ போட்டு குட்நைட் சொல்லி முடிச்சு வைப்பாங்க. இதுல வேடிக்கை என்னன்னா பேசுறவங்கள்ல முக்காவாசி பேருக்கு ஊர்ல நிலம் இருக்கு, ஆனா ரெண்டு மாதிரியும் பக்கத்து பக்கத்துல போட்டு தராசுல வச்சு பாத்தவங்க ஒருத்தர் கூட இல்ல.

நான் மூணு சம்பா பட்டமா பாத்துட்டு இருக்கேன். டெல்டாவுல, ஆத்துப்பாசனம், களிமண். முதல் வருஷம் தப்பு தப்பா செஞ்சேன், ரெண்டாவது வருஷம் மழை கெடுத்துச்சு, போன சம்பாவுலதான் ஓரளவுக்கு நம்புற மாதிரி கணக்கு வந்துச்சு. அத எப்படி செய்யணும்னு எழுதுறேன். உங்ககிட்ட ஒரு ஏக்கர் இருந்தா போதும், ஒரு சீசன் பொறுமை வேணும், அப்புறம் ஒரு நாப்பது பக்க நோட்டு.

தொடங்குறதுக்கு முன்னாடி ஒன்னு. "சின்ன விவசாயம்"னா "பாரம்பரிய விவசாயம்"னு நெறைய பேரு ஒன்னா போட்டு குழப்பிக்கிறாங்க. தமிழ்நாட்டுல ஒரு விவசாயிகிட்ட இருக்குற சராசரி நிலமே 2015-16 கணக்கெடுப்புபடி 0.75 ஹெக்டேர்தான், ரெண்டு ஏக்கர் கூட முழுசா இல்ல. அந்த ரெண்டு ஏக்கர்காரர் என்ன ஏத்தமா இறைக்கிறாரு? பவர் டில்லர்ல ஓட்டி, யூரியா டிஏபி போட்டு, களைக்கொல்லி அடிச்சு, பெல்ட் வண்டி விட்டு அறுக்குறாரு. நிலம் சின்னது, முறை பூரா ஃபேக்டரி முறை. உலக அளவுல பாத்தா 2 ஹெக்டேருக்கு கீழ இருக்குற பண்ணைங்கதான் எண்ணிக்கைல நூத்துக்கு 84, உணவுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு அவங்க விளைவிக்கிறதுதான்னு மதிப்பீடு இருக்கு. அவங்கள்லயும் நெறைய பேரு உர மூட்டை தூக்குறவங்கதான். அதனால சின்னதா பெருசான்னு கேக்குறத விடுங்க, நிலத்துக்குள்ள என்ன போகுது, வெளிய என்ன வருதுன்னு கேளுங்க. நாம பாக்கப்போறதும் அதத்தான்.

நிலத்த பிரிக்கிறது

ஒரு ஏக்கர்னா நம்ம பக்க கணக்குல மூணு மா. (மான்னா 100 குழி, ஏறக்குறைய 33 சென்ட்.) மூணு மாவுலயும் மூணு விதமா செய்யப்போறோம்:

முதல் மா: நாட்டு ரகம், பசுந்தாள் உரம் (செடிய வளத்து அங்கயே மடக்கி உழுறது) மட்டும், மூட்டை உரமும் இல்ல மருந்தும் இல்ல.

ரெண்டாவது மா: ஆராய்ச்சி ரகம், வேளாண்துறை சிபாரிசு பண்ற அளவுக்கு முழு உரம்.

மூணாவது மா: அதே ஆராய்ச்சி ரகம், பசுந்தாள் உரம், யூரியா பாதி, பூச்சிமருந்து இல்ல.

மூணாவது எதுக்குன்னு கேப்பீங்க. முதல் வருஷம் நானும் ரெண்டுதான் போட்டேன். ரெண்டு போட்டா பட்டிமன்றம்தான் நடக்கும், ஒன்னு ஜெயிக்கும் ஒன்னு தோக்கும், ரகத்தால ஜெயிச்சதா உரத்தால ஜெயிச்சதான்னே தெரியாது. மூணாவது இருந்தாதான் அது பிரியும்.

இப்ப ரொம்ப முக்கியமான விஷயம், தண்ணி. நம்ம ஊர்ல வயலுக்கு வயல் பாய்ச்சல். மேல் வயல்ல யூரியா போட்டா மறுநாள் மடை வழியா கீழ் வயலுக்கு இறங்கிரும். முதல் வருஷம் நான் நாட்டு நெல்ல கீழ் மாவுல போட்டுட்டேன், பிபிடிங்கிற ஆராய்ச்சி ரகம் மேல் மாவுல. பத்து நாள்ல நாட்டு நெல்லு கரும்பச்சையா நிக்குது, நானும் "பாத்தீங்களா ஒன்னுமே போடாம எப்படி நிக்குதுன்னு" குரூப்ல போட்டோ போட்டு பெருமை அடிச்சேன். எங்க சித்தப்பா வரப்புல நின்னு பாத்துட்டு "தம்பி, அது உன் காசுல வாங்குன யூரியாதான்டா"ன்னாரு. மடை வாயில நின்னு பாத்தா அப்பதான் புரியுது. கார்த்திகைல காத்தோட ஒரு மழை வந்துச்சு, அந்த மா பூரா பாய் விரிச்ச மாதிரி சாஞ்சு போச்சு. நாட்டு ரகம் உயரமா வளரும், தண்டு மெல்லிசு, அதுக்கு தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமாச்சுன்னா தலை கனம் தாங்காது.

அதனால நாட்டு ரகம் மேல் மாவுல, பாதி யூரியா நடுவுல, முழு உரம் கடைசில. வரப்ப நல்லா அணைச்சு நண்டு வளை எல்லாம் அடைச்சுருங்க. ஒவ்வொரு மாவுக்கும் வாய்க்கால்ல இருந்து தனித்தனி மடை வச்சா இன்னும் நல்லது. உங்களுக்கு மேல இருக்குற வயக்காரர் யூரியா போடுற அன்னைக்கு உங்க மடைய மூடி வைங்க, அவர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சுக்கங்க, டீ வாங்கி குடுத்தா சொல்லுவாரு.

எந்த நெல்லு

குறுவை பட்டத்துல வேணாம், சம்பா பட்டத்துல செய்ங்க. பழைய சம்பா ரகங்கள்ல பலதும் பகல் குறைஞ்சாதான் பூக்கும், பட்டம் தப்பி போட்டா தழையா வளந்துட்டு நிக்கும்.

ரகம் எடுக்குறப்ப வயசு பொருந்தணும். காட்டுயானம் ஆறு மாசம் நிக்கும், பூங்கார் மூணு மாசத்துல முடிஞ்சுரும், இத ரெண்டையும் 145 நாள் பிபிடியோட ஒப்பிட்டா அது நியாயமான ஒப்பீடு இல்ல. மாப்பிள்ளை சம்பாவும் பதினஞ்சு இருபது நாள் கூட எடுக்கும். நான் எடுத்தது கிச்சிலி சம்பா, எதிர்ல பிபிடி 5204. காரணம் இருக்கு. கோயம்புத்தூர்ல 1912ல நெல் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்க, அங்க நாட்டு நெல்லுல இருந்து பொறுக்கி எடுத்து 1921ல வெளியிட்டது ஜிஇபி 24, அதுதான் ஊர்ப்பக்கம் கிச்சிலி சம்பான்னு பேரு வாங்குச்சு. அந்த ஜிஇபி 24ஐ தைவான் குட்டை ரகத்தோட சேத்து, அதுக்கு மேல மசூரியையும் சேத்து ஆந்திராவுல பாபட்லாவுல உருவாக்குனதுதான் பிபிடி 5204, நாம ஆந்திரா பொன்னின்னு கல்யாண பந்தில சாப்பிடுறோமே அது. ஆக இது ரெண்டும் பாட்டியும் பேத்தியும். நாட்டு நெல்லு ஒரு ஜாதி ஆராய்ச்சி நெல்லு ஒரு ஜாதின்னு பேசுறவங்ககிட்ட இத சொன்னீங்கன்னா கொஞ்ச நேரம் அமைதியா இருப்பாங்க.

பேத்திகிட்ட தைவான் தாத்தா குடுத்த குட்டைத்தன்மை இருக்கு, அதனால உரம் போட்டா சாயாம கதிரா மாத்தும். 1966ல பிலிப்பைன்ஸ்ல இருந்து வந்த ஐஆர் 8ல இருந்து பசுமைப்புரட்சி நெல்லு பூரா இந்த ஒரு குணத்து மேலதான் நின்னுச்சு. ஆனா பேத்திக்கு குலைநோய் சீக்கிரம் வரும், தண்டுல சாறு உறிஞ்சுற புகையான் பூச்சியும் விரும்பி உக்காரும். பாட்டிக்கு உயரம் இருக்கு, வைக்கோல் இருக்கு, சோறுல ருசி இருக்கு, கதிர்ல மணி கம்மி.

விதை எங்க வாங்குறதுன்னா, கிச்சிலிய கடைல வாங்காதீங்க, அதே ரகத்த தொடர்ந்து போடுற விவசாயிகிட்ட வாங்குங்க. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் நடத்துன நெல் திருவிழாவுல 2 கிலோ விதை வாங்குனா அடுத்த வருஷம் 4 கிலோ திருப்பி தரணும்னு ஒரு ஏற்பாடு வச்சுருந்தாரு, அவரு 2018ல இறந்துட்டாரு, ஆனா அந்த பழக்கம் புடிச்சுக்கிட்டவங்க நெறைய ஊர்ல இருக்காங்க. பிபிடிக்கு சான்று விதை, அட்டை தச்ச பை, வேளாண் விரிவாக்க மையத்துல கிடைக்கும். மாவுக்கு ரெண்டும் 6, 7 கிலோ போதும்.

தழைச்சத்து கணக்கு

இதுதான் மொத்த சண்டையோட நடு முடிச்சு, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். ஒரு டன் நெல்லு விளையணும்னா பயிரு 15ல இருந்து 20 கிலோ வரைக்கும் தழைச்சத்த எடுக்கும். நீங்க என்ன முறை சொன்னாலும், எந்த சாமிய கும்பிட்டாலும், இந்த 15, 20 கிலோ எங்கிருந்தாவது வந்தாகணும். ஏக்கருக்கு ஒரு டன் எடுக்கணும்னா 20 கிலோ, ரெண்டேகால் டன் எடுக்கணும்னா 40 கிலோவுக்கு மேல.

யூரியா ஒரு மூட்டை 45 கிலோ, அதுல தழைச்சத்து 46 சதவீதம், ஆக மூட்டைக்கு 20 கிலோ சொச்சம். நாம 266 ரூபா 50 காசுக்கு வாங்குறோம், நிஜ விலை பல மடங்கு, மீதிய அரசாங்கம் மானியமா கட்டுது. இது காத்துல இருக்குற நைட்ரஜன இயற்கை எரிவாயு வச்சு பிடிச்சு செய்யுறது. ஹேபர்னு ஜெர்மன்காரர் வழி கண்டுபிடிச்சு 1913ல ஃபேக்டரி ஓட ஆரம்பிச்சுச்சு. மச்சான் சொன்ன "பாதி பேரு" கணக்கு சும்மா இல்ல, இன்னைக்கு உலகத்துல ஜனங்க உடம்புல இருக்குற நைட்ரஜன்ல கிட்டத்தட்ட பாதி இந்த வழில வந்ததுதான்னு மதிப்பீடு இருக்கு. 2022ல உக்ரைன் போர் வந்தப்ப எரிவாயு விலை ஏறி உர விலையும் கூடவே ஏறுச்சே, அந்த கயிறு அவ்வளவு நேரா கட்டிருக்கு.

இன்னொரு வழி, அதே காத்து நைட்ரஜன வேர் முடிச்சுல இருக்குற பாக்டீரியா பிடிக்கிறது. தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதை, மாவுக்கு 7 கிலோ. ஆடி முதல் வாரத்துல ஈரத்துல விதைச்சு விட்டுருங்க, 45 நாள்ல இடுப்புக்கு மேல வரும், பூ எடுக்குற நேரம் மடக்கி உழுதுருங்க. முத்த விட்டா தண்டு நார் ஆயிரும், டில்லர்ல சுத்திக்கும், மக்காது. பூ பாத்தவுடனே உழணும். தண்ணி கட்டி பத்து நாள் அழுக விடுங்க, நாத்தம் அடிக்கும், பரவால்ல. நல்லா வளந்திருந்தா ஏக்கருக்கு 20 கிலோ தழைச்சத்து தாராளமா கிடைக்கும், அதாவது ஒரு யூரியா மூட்டை. இது முதல் மாவுலயும் மூணாவது மாவுலயும்.

ஜீவாமிர்தம் பத்தி கேப்பீங்க. 200 லிட்டர் தண்ணில 10 கிலோ சாணி, 10 லிட்டர் கோமியம், ரெண்டு ரெண்டு கிலோ வெல்லமும் பயறு மாவும், கைப்பிடி மண்ணு. நானும் ஊத்துறேன். ஆனா அதுல இருக்குற தழைச்சத்த கூட்டி பாருங்க, எல்லாம் சேத்து கால் கிலோ தேறுனா பெருசு. நுண்ணுயிருக்கு நல்லது, மண்ணு பொலபொலன்னு ஆகுது, சரி. அத உரம்னு நம்பி வேற எதுவும் போடாம விட்டா மூணாவது வருஷம் நெல்லு மஞ்சளா நின்னு உங்கள பாக்கும்.

நாத்து, நடவு

இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சுருக்கமா சொல்லிடுறேன். பத்து லிட்டர் தண்ணில முட்டை மிதக்குற அளவுக்கு உப்பு கரைச்சு விதைய கொட்டுங்க, மிதக்குற பதர அள்ளி மாட்டுக்கு போடுங்க, முழுகுனத ரெண்டு மூணு தண்ணில அலசி 24 மணி நேரம் ஊற வச்சு, சாக்குல கட்டி 24 மணி நேரம் வைங்க, முளை கட்டிரும். ஆவணி முதல் பத்து நாளுக்குள்ள நாத்தங்கால்ல விட்டுருங்க. மாசத்துக்கு ஒரு வாரம்னு பழைய கணக்கு, அஞ்சு மாச நெல்லுக்கு அஞ்சு வார நாத்து வரைக்கும் நடலாம், நான் 30 நாள்ல பறிச்சுடுறேன். ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குள்ள வேர் ஊனிருக்கணும், அதுதான் குறி. கிச்சிலிக்கு கொஞ்சம் அகலமா ஒரு ஜாணுக்கு மேல இடைவெளி விடுங்க, நெருக்கி நட்டா இன்னும் உயரமா ஓடி சாஞ்சுரும்.

உரம் ரெண்டாவது மாவுக்கு. டெல்டாவுல நீண்ட வயசு ரகத்துக்கு ஏக்கருக்கு தழை 60, மணி (பாஸ்பரஸ்) 20, சாம்பல் (பொட்டாஷ்) 20 கிலோன்னு சிபாரிசு. மாவுக்கு கணக்கு போட்டா டிஏபி 15 கிலோ, பொட்டாஷ் 11 கிலோ, யூரியா 38 கிலோ வாக்குல வரும். யூரியாவ நாலா பிரிச்சு அடியுரம், தூர் கட்டுறப்ப, கதிர் உருவாகுறப்ப, கதிர் வெளிய வர்றப்பன்னு போடுங்க. மூணாவது மாவுக்கு டிஏபி பொட்டாஷ் அதே அளவு, யூரியா மட்டும் பாதி, அதையும் பயிர் வெளுத்தா மட்டும். இலை வண்ண அட்டைன்னு ஒன்னு குடுப்பாங்க, இலைய அதுல வச்சு பாத்து போட்டா கைய கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், நமக்கு யூரியா கைல இருந்தா சும்மா இருக்க மாட்டோமே.

மருந்து வேற உரம் வேற

நம்ம ஆளுங்க "கெமிக்கல்"னு ஒரே சாக்குல ரெண்டையும் போட்டு கட்டிடுறாங்க. ரெண்டு நாட்டு கதை சொல்றேன். இலங்கைல 2021 ஏப்ரல்ல ரசாயன உரம், மருந்து இறக்குமதிய ஒரே நாள்ல நிறுத்துனாங்க, நாடு பூரா இயற்கை விவசாயம்னாங்க. நவம்பர்ல வாபஸ் வாங்குனாங்க, ஆனா அதுக்குள்ள பெரும்போகத்துக்கு நட்டாச்சு. அந்த போகத்துல நெல்லு அதுக்கு முந்தின பெரும்போகத்த விட மூணுல ஒரு பங்குக்கு மேல விழுந்துச்சு. பசுந்தாள் விதை இல்ல, எரு இல்ல, சொல்லிக்குடுக்க ஆள் இல்ல, மூட்டை மட்டும் நின்னு போச்சு.

இன்னொன்னு இந்தோனேசியா. அங்க புகையான் நெல்ல மொட்டை அடிச்சுட்டு இருந்துச்சு, மருந்து அடிக்க அடிக்க கூடுச்சு, ஏன்னா மருந்து சிலந்தியையும் மத்த நன்மை பூச்சியையும் முதல்ல கொன்னுச்சு. 1986ல அப்ப அதிபரா இருந்த சுகார்த்தோ நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்த ஒரே உத்தரவுல தடை பண்ணாரு. விளைச்சல் விழல. விவசாயிங்களுக்கு வயல்லயே பூச்சி எண்ண சொல்லிக்குடுத்தாங்க.

அதனாலதான் மூணாவது மாவுல யூரியா பாதி வச்சுட்டு மருந்த முழுசா எடுத்துட்டேன். வாரத்துக்கு ரெண்டு நாள் காலைல இறங்கி, இருபது தூரு விரிச்சு, அடித்தண்டுல என்ன இருக்குன்னு எண்ணி நோட்டுல எழுதுங்க. புகையான் பழுப்பா அரிசி அளவுல, தட்டுனா தண்ணில விழுந்து பக்கவாட்டுல நகரும். சிலந்தி கூட இருந்தா பதறாதீங்க. எட்டடிக்கு ஒரு நடை இடைவெளி (பட்டம்) பிரிச்சு விடுங்க, காத்து வெளிச்சம் அடிக்கு போனா பாதி பிரச்சனை போயிரும். ஒரு தடவை நான் ரொம்ப பயந்து வேப்பங்கொட்டை கரைசல் அடிச்சேன், அத தவிர ஒன்னும் இல்ல. ரெண்டாவது மாவுல மூணு தடவை மருந்து அடிக்க வேண்டி வந்துச்சு, தளதளன்னு இருந்துச்சுல்ல, அங்கதான் வந்து உக்காந்துச்சு.

நோட்டு

அன்னன்னைக்கு எழுதுங்க, ஞாபகத்துல வச்சு எழுதலாம்னு விட்டா தீபாவளிக்குள்ள மறந்துரும். காசு மட்டும் எழுதாதீங்க, ஆளையும் எழுதுங்க: எத்தனை பேரு எத்தனை மணி நேரம். களை எடுக்குறதுலதான் வித்தியாசம் அடிக்கும். களைக்கொல்லி போட்ட மாவுல ஒருத்தர் ஒரு காலை வேலை. போடாத மாவுல கோனோவீடர் (கைல தள்ளுற களைக் கருவி) ரெண்டு தடவை ஓட்டி, அப்புறமும் நாலு பேரு இறங்கி கை களை எடுத்தாங்க. அந்த நாலு பேரும் அம்பது வயசுக்கு மேல உள்ள அக்காங்க, அவங்க வீட்டு பொண்ணுங்க யாரும் சேத்துல இறங்குறது இல்ல, இறங்க வேணாம்னு அவங்களே சொல்றாங்க. பாரம்பரிய விவசாயம் உலகத்துக்கு சோறு போடும்னு சொல்றவங்க அந்த களைய யாரு எடுப்பாங்கன்னு சேத்து சொல்லணும். எனக்கு இதுதான் தழைச்சத்த விட பெரிய கேள்வியா தெரியுது.

அறுத்து எடை போடுறது

மொத்தமா அறுத்து மூட்டை எண்ணுனா தப்பு வரும், மெஷின்ல சிந்தும், முந்தின வயல் நெல்லு கலந்திருக்கும். பயிர் காப்பீட்டுக்கு வந்து அறுத்து பாப்பாங்கல்ல, அதே முறை. அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் சதுரம். நாலு குச்சி, ஒரு கயிறு. மூலைக்கு மூலை குறுக்கால அளந்தா 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் வரணும், வரலன்னா சதுரம் கோணல்.

எந்த இடம்னு கண்ணால தேர்ந்தெடுக்காதீங்க, கை தானா நல்ல கதிர் பக்கம் போகும், அதுவும் உங்களுக்கு பிடிச்ச மாவுல கண்டிப்பா போகும். நாள்காட்டி தாள் ரெண்டு கிழிச்சு, முதல் தேதி எத்தனையோ அத்தனை அடி வரப்போரமா நடந்து, ரெண்டாவது தேதி எத்தனையோ அத்தனை அடி உள்ள போங்க. அங்கதான் முதல் குச்சி. வரப்புல இருந்து மூணு நாலு வரிசை தள்ளியாச்சும் இருக்கணும், ஓரத்து பயிருக்கு எப்பவும் வெயிலும் உரமும் கூட. மாவுக்கு ரெண்டு சதுரம் எடுத்து சராசரி போடுங்க.

கை அருவாள்ல அறுத்து, தார்பாய் மேல அடிச்சு, தூத்தி, ரெண்டு வெயில் காய வைங்க. கிச்சிலி பொங்கலுக்கு பக்கமா வந்துரும், பிபிடி ஒரு வாரம் பின்னாடி. அதனால ஈரப்பதம் ஒன்னா இருக்குறது முக்கியம். நெல்ல பல்லுல வச்சு கடிங்க, நசுங்குனா ஈரம், "டிக்"குன்னு உடையணும். கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் பாக்குற மெஷின் இருக்கும், கூட்டம் இல்லாத நேரம் கேட்டா போட்டு காமிப்பாங்க. 25 சதுர மீட்டர்ல வந்த எடைய 162ஆல பெருக்குனா ஏக்கர் கணக்கு.

போன சம்பாவுல எனக்கு வந்தது: கிச்சிலி 6.5 கிலோ, முழு உர பிபிடி 13.8, பாதி யூரியா பிபிடி 12.1. ஏக்கருக்கு 1053, 2236, 1960 கிலோ. அறுபது கிலோ மூட்டைல சொன்னா பதினேழரை, முப்பத்தேழு, முப்பத்திரெண்டரைக்கு மேல. இது என் வயலு, ஒரு வருஷ மழை, உங்களுக்கு வேற மாதிரி வரும்.

இத சோறா மாத்தி பாருங்க. நூறு கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசின்னு வச்சுக்கங்க. ரேஷன்ல சாதாரணமா ஒரு அரிசி கார்டுக்கு மாசம் 20 கிலோ, வருஷத்துக்கு 240. என் பாட்டி நெல்லு ஏக்கருக்கு மூணு கார்டுக்கு கூட முழுசா பத்தல, முழு உர பேத்தி ஆறு கார்டு, பாதி யூரியா அஞ்சேகால். தமிழ்நாட்டுல நெல்லு ஏறக்குறைய 50 லட்சம் ஏக்கர்ல விளையுதுன்னா, எல்லாரும் என் முதல் மா மாதிரி செஞ்சா 34 லட்சம் டன் அரிசி. கார்டு ரெண்டு கோடிக்கு மேல இருக்கு, ரெண்டு கோடின்னே வச்சாலும் ரேஷனுக்கு மட்டும் 48 லட்சம் டன் வேணும். எங்க தாத்தா காலத்துல இது பத்துச்சேன்னு எங்க பெரியம்மா கேட்டாங்க. 1951ல தமிழ்நாட்டுல 3 கோடி பேரு, 2011லயே 7 கோடிய தாண்டியாச்சு, பெரியம்மா. அதோட தாத்தா காலத்துல எல்லாரும் வயிறார சாப்பிட்டாங்கன்னு யாரு சொன்னா, நம்ம வீட்டு பத்தாயம் நிறைஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான்.

ஆனா மச்சானுக்கும் ஒரு வார்த்தை. ரெண்டாவது மாவுக்கும் மூணாவது மாவுக்கும் வித்தியாசம் ஏக்கருக்கு நாலரை மூட்டை. அந்த நாலரை மூட்டைக்காக ஒரு மூட்டைக்கு மேல யூரியாவும், மூணு மருந்தும், அடிச்ச கூலியும் போயிருக்கு. கழிச்சு பாத்தா எனக்கு ரெண்டாவது மாவுல கைல நின்னது மூணாவது மாவ விட கம்மி. தொழிற்சாலை விவசாயம் இல்லன்னா பட்டினின்னு சொல்றப்ப அந்த தொழிற்சாலைல எந்த பாகம் இல்லன்னா பட்டினின்னு கேளுங்க. குட்டை ரகமும் கொஞ்சம் யூரியாவும் இல்லன்னா கஷ்டம், ஒத்துக்கிறேன். மருந்துக்கடை பில்லு இல்லன்னா யாரும் பட்டினி கிடக்க மாட்டாங்க.

விக்கிறது

கொள்முதல் நிலையத்துல நாட்டு ரகம்னு தனி விலை எதிர்பார்க்காதீங்க. சாதா ரகத்துக்கு 2025-26ல மத்திய அரசு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2369 ரூபா, மேல மாநில ஊக்கத்தொகை. பதினேழரை மூட்டைக்கு அந்த விலைன்னா கிச்சிலில செஞ்ச செலவு கூட தேறாது. அரிசியா அரைச்சு தெரிஞ்சவங்களுக்கு நேரா குடுத்தாதான் கட்டும். அதுக்கு முன்னாடி அரைக்க இடம் தேடி வைங்க, பெரிய மில்லுல அஞ்சாறு மூட்டைய தனியா ஓட்ட மாட்டாங்க, ஓட்டுனாலும் வேற அரிசி கலந்துதான் வெளிய வரும். நான் முதல் தடவை குடுத்து வாங்கிட்டு வந்தது கிச்சிலியா இட்லி அரிசியான்னு எங்க வீட்டுக்காரம்மாவுக்கே சந்தேகம். இப்ப இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன மில்லு, முந்தின நாளே மெஷின ஓடவிட்டு காலி பண்ணி வைக்க சொல்லிட்டு போறேன்.

வைக்கோலையும் எடை போட்டு எழுதுங்க, மறந்துராதீங்க. கிச்சிலில உயரமான வைக்கோல், மாடு வச்சிருக்குறவங்க வந்து கேட்டு வாங்கிட்டு போவாங்க, கையால அறுத்தா இன்னும் நல்ல விலை. பிபிடி வைக்கோல மெஷின் கடிச்சு துப்பிரும், மருந்து அடிச்சத எங்க மாடு மோந்து பாத்துட்டு திரும்பிரும்.

கடைசியா விதை. பிபிடிக்கு விதை வச்சாலும் வைக்கலாம், அது வருஷா வருஷம் புது விதை வாங்க வேண்டிய வீரிய ஒட்டு ரகம் (ஹைப்ரிட்) இல்ல, நெறைய பேரு தப்பா நினைக்கிறாங்க. கிச்சிலிக்கு கண்டிப்பா வைங்க. அறுக்குறதுக்கு முன்னாடி மாவுக்கு நடுவுல இறங்கி, ஒரே உயரம், ஒரே நிறம், சாயாத தூரு பாத்து கதிர மட்டும் அறுங்க, உயரம் மாறி நிக்கிறது கலப்பு, அத புடுங்கி போட்டுருங்க. தனியா அடிச்சு, ரெண்டு பங்கு கூடவே காய வச்சு, நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு சாக்குல கட்டி தரைல படாம பலகை மேல வைங்க. இந்த வருஷம் நான் பதினாலு கிலோ வச்சிருக்கேன். எனக்கு ஏழு, மச்சானுக்கு ஏழு. அவன் லீவுல வந்தப்ப அவங்க அப்பா நிலத்துல ஒரு மா விடுறேன்னு சொல்லிருக்கான், ஆடி பிறந்தா தக்கைப்பூண்டு விதை வாங்கி குடுக்கணும்.